அட்டுவம்பட்டியில் நான் மந்திரித்த வீடுகள்

கொடைக்கானலைப் பெரிய பட்டணம் என்று சொன்னால் மதுரைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கிளாவரையில் பிறந்து, வந்தால் வரும் வராவிட்டால் இல்லை என்கிற பஸ்ஸை நம்பி வளர்ந்தவனுக்குத்தான் தெரியும் எது பட்டணம் என்று. எங்கள் ஊரோடு ரோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் காடு, காட்டுக்கு அந்தப் பக்கம் கேரளா. கொடைக்கானலில் ரோடு முடியவே முடியாது. ஏரியைச் சுற்றிக்கொண்டு வந்து தொடங்கிய இடத்திலேயே மறுபடியும் தொடங்கும்.

குருமடத்தில் பத்து வருஷம் படித்தவன்தானே, நாலு ஊர் பார்த்திருக்க மாட்டாயா என்று கேட்பார்கள். பார்த்தேன், மதில் சுவரை. குருமடம் எந்த ஊரில் இருந்தாலும் சுவருக்குள்தான் இருக்கிறது. மணி அடித்தால் எழுந்திரு, மணி அடித்தால் சாப்பிடு, மணி அடித்தால் படு. அப்படியே பத்து வருஷத்தை ஓட்டிவிட்டு, இரண்டாயிரத்துச் சொச்சத்தில் குருப்பட்டம் வாங்கி, கொடைக்கானலுக்கு உதவிப் பங்குத்தந்தையாகப் போ என்று ஆயர் இல்லத்திலிருந்து தாள் வந்தபோது, ஊர்ப் பெயரை மூன்று தடவை வாசித்துப் பார்த்தேன்.

போன முதல் ஞாயிறே, அறிவிப்பு வாசிக்கும்போது, "நாளைக்கு எல்லாரும் வெள்ளனே வந்துருங்க, வெரசா பூசையை முடிச்சிட்டு அவங்கவங்க சோலியப் பாக்கலாம்" என்று பீடத்திலிருந்து சொல்லிவிட்டேன். பாடகர் குழுவில் இருந்த பள்ளிக்கூடப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்பது இன்னொரு கொடுமை. அவர்கள் சொல்லுகிற வேகத்துக்கு எனக்கு முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும்தான் பிடிபடும். யார் என்ன சொன்னாலும் மூன்று பரலோக மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவேன். கொலையே செய்துவிட்டு வந்தவனும் அதில் இருந்திருந்தால், மலிவாகத் தப்பித்துவிட்டான்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. என் மானம் உண்மையில் போனது படகில்.

இரண்டாவது வாரம் பெரிய ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். பங்குத்தந்தையைத்தான் அங்கே எல்லாரும் பெரிய ஃபாதர் என்பார்கள், நான் சின்ன ஃபாதர். ஏரிக்கு அந்தப் பக்கம் உடம்புக்கு முடியாத ஒரு அம்மா இருக்கிறார், போய் நற்கருணை கொடுத்துவிட்டு வா என்றார். எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்றால் தாண்டுவதற்கு. அதில் பொழுது போக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வெள்ளை அங்கியோடு படகுத் துறைக்குப் போய் வரிசையில் நின்றேன். டிக்கெட் கொடுப்பவரிடம், "அக்கரைக்கு எத்தனை மணிக்குங்க போகும்?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க எப்ப மிதிக்கிறீங்களோ அப்பப் போகும் ஃபாதர்" என்றார். மிதிக்கிற படகு. அங்கிக்கு மேல் ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை ஒன்றை மாட்டி, என்னை ஏற்றி விட்டார்கள். நான் நேராக அக்கரைக்கு மிதித்தேன். போய்ச் சேர்ந்து, புல்லைப் பிடித்து ஏறப் பார்த்த நேரத்தில் விசில் சத்தம் கேட்டது. மோட்டார் படகில் ஒருவர் வந்து, "அங்கெல்லாம் எறங்கக் கூடாது ஃபாதர், அரை மணி நேரம் ஆச்சு" என்று சொல்லி, என் படகைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போய்த் துறையிலேயே விட்டார். அப்புறம் ரோட்டு வழியாக நடந்து போனேன். அந்த அம்மா ஜன்னலோரம் கட்டிலில் படுத்திருந்தவர். முழுசையும் பார்த்திருக்கிறார். "மொதல்லயே நடந்து வந்திருக்கலாமே ஃபாதர்" என்றார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் விஷயம் பங்கு முழுக்கப் பரவிவிட்டது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாததால் சமையல்காரர் மேல் காட்டினேன், பாவம். அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். இனி இந்த ஊரில் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. எது நடந்தாலும், இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது. அந்த வாரமே ஒரு வீட்டில் நாய்க்கு ஸ்வெட்டர் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார்கள். நான் அசரவில்லை. அதன் தலையில் சிலுவை போட்டுவிட்டு டீயைக் குடித்தேன்.

இப்படி யாரையும் எதுவும் கேட்காமல் மூன்று மாதம் ஓடியது. ஒரு வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது பெரிய ஃபாதர், "ஏலே, நாளைக்கு அட்டுவம்பட்டில ஒரு வீடு மந்திரிக்கணும். நான் திண்டுக்கல் போறேன், நீ போயிட்டு வந்துரு" என்றார். அவர் தெற்கத்தி ஆள். பிரியமாக இருக்கும்போது ஏலே என்பார், கோபமாக இருக்கும்போதும் அதேதான்.

"சரிங்க ஃபாதர்."

"முழுசாக் கேளு. அந்த மனுசன் சிலோன் எஸ்டேட்டுல பொறந்தவன். எளவட்டத்துல கப்பல்ல வந்தவன். வந்த நாள்ல இருந்து கூலி வேலை, அடுத்தவன் வீட்டு ரூமுல குடித்தனம். இப்பத்தான் சொந்தமா நாலு செவரு எழுப்பி, தகரத்தப் போட்டிருக்கான். நாளைக்குக் காலைல வாடகை ரூமைக் காலி பண்ணிச் சாவியக் குடுத்துருவாங்க. சாமானெல்லாம் ரோட்டுல கெடக்கும். சாமியார் வந்து மந்திரிக்காம அவன் வாசப்படிய மிதிக்க மாட்டான். ஒம்போதுக்கெல்லாம் போயிரு. பத்தரைக்குள்ள பால் காய்ச்சியாகணும்."

பத்தரை எதற்கு என்று கேட்க வாய் வந்தது. விரதம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். அவரே சொன்னார்: "வெள்ளிக்கெழமை பத்தரைக்கு ராகு காலம். ஒங்கிட்டச் சொல்ல மாட்டான். ஆனா மனசுக்குள்ள கெடக்கும். பத்தரை தாண்டிருச்சுன்னா அந்த வீட்டுல ஒரு சட்டி ஒடைஞ்சாக்கூட அதனாலதான்னு சாகுற மட்டும் நெனைச்சுக்கிட்டே இருப்பான்."

"நம்ம அதெல்லாம் பாக்கக் கூடாதுல்லங்க ஃபாதர்?"

"அதை ஞாயித்துக்கெழமைப் பிரசங்கத்துல சொல்லு. வெள்ளிக்கெழமை ஒம்போதுக்குப் போ. பஸ் ஸ்டாப்புல எறங்கினா வலது கைப் பக்கம் பாதை ஏறும். வாசல்ல வாழைமரம் கட்டியிருக்கும். சந்தேகமா இருந்தா யாரையாவது கேளு."

கடைசி வாக்கியத்தை மட்டும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அட்டுவம்பட்டியில் இறங்கினேன். மூடுபனி. என் செருப்பே எனக்குத் தெரியவில்லை. வலது கைப் பக்கம் ஒரு பாதை ஏறியது, ஏறினேன். பனிக்குள்ளிருந்து இரண்டு வாழைமரம் தெரிந்தது, தாரோடு, பூவோடு. அதற்குப் பின்னால் வீடு. மாடி வைத்த வீடு. கண்ணாடி ஜன்னல், வட்டமாகப் புல்தரை, நடுவில் தண்ணீர் பீச்சுகிற ஒரு சிமெண்டு மீன். கூலி வேலை செய்து இப்படி ஒரு வீடா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். டவுனில் கூலி அதிகம் போலிருக்கிறது என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். சாமான் எதுவும் வெளியில் இல்லை. பனிக்குப் பயந்து உள்ளே வைத்திருப்பார்கள்.

கதவைத் தட்டினேன். குரங்குக் குல்லாய் போட்ட ஒரு இளம்பெண் திறந்தது. கழுத்தில் மஞ்சள் காயாத புதுத் தாலிக்கயிறு. இது மகளாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

"வீடு மந்திரிக்க வந்திருக்கேன்ம்மா."

அந்தப் பெண் என்னைப் பார்த்தது, என் கையிலிருந்த தீர்த்தப் பாட்டிலைப் பார்த்தது. உள்ளே திரும்பி, "என்னங்க, கொஞ்சம் வாங்களேன். ஃபாதர் வந்திருக்காரு" என்றது. தோளில் துண்டோடு ஒரு பையன் வந்து, "வாங்க ஃபாதர், உக்காருங்க" என்றான். மரியாதையான பிள்ளைகள்.

"அப்பா எங்கப்பா?"

"அப்பா வேலூர்ல இருக்காரு ஃபாதர்."

"இன்னைக்கிக்கூட இங்க இல்லையா?"

பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்த நேரத்துல அவர் இங்க எதுக்கு ஃபாதர்?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. பெற்றவன் ஆயுசெல்லாம் கல் சுமந்து கட்டின வீடு. பால் காய்ச்சுகிற அன்றைக்கு அவன் எதுக்காம். டவுன் பிள்ளைகள் இப்படித்தான் என்று, நின்றபடியே பெற்றோரை மதிப்பது பற்றி ஐந்து நிமிஷம் பிரசங்கம் வைத்தேன். நல்ல பிரசங்கம், அப்படி ஒன்றை நான் கோயிலில்கூட வைத்ததில்லை. அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டே, "நானும் அதேதான் சொல்றேன் ஃபாதர். வந்ததுல இருந்து வீட்டுக்கு ஒரு போன் பண்ணல" என்றது. பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஸ்டோலைக் கழுத்தில் போட்டு ஜெபத்தை ஆரம்பித்தேன். பரலோக மந்திரத்தை நான் மட்டும்தான் சொன்னேன். இரண்டு பேரும் கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். "பூசைக்கெல்லாம் போறதுண்டா?" என்றேன். "வேளாங்கண்ணிக்கு ரெண்டு தடவை போயிருக்கோம் ஃபாதர்" என்றான் பையன். டவுன்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வேளாங்கண்ணியோடு விசுவாசம் முடிந்துவிடுகிறது என்று மனசுக்குள் நொந்துகொண்டு, பாலைக் காய்ச்சச் சொன்னேன். அடுப்பு இல்லையாம், கரண்டு கெட்டில்தானாம். பாலும் இல்லை, பொட்டலத்தில் பால் பவுடர் இருந்தது. அதைக் கலக்கிக் கெட்டிலில் ஊற்றினார்கள். நான் கிழக்கு எது என்று குத்துமதிப்பாகப் பார்த்து நின்று, கையை விரித்து ஜெபித்தேன். பால் பொங்கவில்லை. டிக் என்று ஒரு சத்தம் வந்து கெட்டில் நின்றது. ஆமென் என்றேன்.

அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனேன். குளியலறை வாசலில் அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "ஃபாதர், இங்கயும் கொஞ்சம் நல்லாவே தெளிங்க. காலையில இருந்து சுடுதண்ணி வரல" என்றது. எனக்கு அந்தப் பிள்ளையின் விசுவாசம் பிடித்திருந்தது. சுவரில் தொங்கிய வெள்ளை டப்பா மேல் தாராளமாகத் தெளித்தேன். பையன் குழாயைத் திறந்தான். ஆவி பறக்கச் சுடுதண்ணீர் கொட்டியது. அந்தப் பெண் குல்லாயைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எனக்கும் உள்ளூரச் சிலிர்ப்பு. குருப்பட்டம் வாங்கி முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் ஒரு புதுமை, என் கையால் ஒரு அற்புதம். அப்புறம் என்னைப் பிடிக்க முடியவில்லை. படம் தெரியாத டிவிக்குத் தெளித்தேன், மூடாத ஜன்னலுக்குத் தெளித்தேன், கட்டிலுக்குத் தெளித்தேன். டிவி கடைசி வரைக்கும் மசியவில்லை. பாட்டில்தான் காலியானது.

ரொட்டியும் ஜாமும் கொடுத்தார்கள். நன்றாகச் சாப்பிட்டேன். கிளம்பும்போது இரண்டு பேர் தலையிலும் கையை வைத்து, "இந்த வீட்டுல உங்க பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க எல்லாம் பொறந்து வளரணும்" என்று மனசார ஆசீர்வதித்தேன்.

பையன் சங்கடமாக நெளிந்தான். "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ரூமைக் காலி பண்ணணும் ஃபாதர்" என்றான்.

மூன்று மாதத்துக்குப் பிறகு முதன்முதலாக ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, இது யாரு வீடு?"

"காட்டேஜ் ஃபாதர். நேத்துத்தான் தெறந்தாங்களாம், நாங்கதான் ஃபர்ஸ்ட் கெஸ்ட். இந்த ஊர்ல ஹனிமூனுக்கு வர்றவங்களுக்கு இப்படி ஒண்ணு செய்வாங்க போலன்னு நெனச்சோம். ரொம்ப நல்லா இருந்துச்சு."

கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து ஐந்து.

அங்கியை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். தூறல் ஆரம்பித்திருந்தது. எதிரில் வந்தவர்களையெல்லாம் கேட்டேன். கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவரைக் கேட்டேன், பஸ் கண்டக்டரைக் கேட்டேன், யாருமில்லாத ஒரு வாசலில் நின்றுகூடக் கேட்டேன். கடைசியில் ஏரிக்குக் குதிரையை ஓட்டிக்கொண்டு போன ஒருவர்தான் சொன்னார்.

"சாமானெல்லாம் நனைஞ்சுக்கிட்டுக் கெடக்கே, அந்த வீடுங்களா? நீங்க ரொம்ப தூரம் வந்துட்டீங்க சாமி. பஸ் ஸ்டாப்புக்கு அங்கிட்டு, ரெண்டாவது பாதை. ஒங்களத்தான் தேடிக்கிட்டு இருக்காங்க. ஏறுங்க, கொண்டுபோய் விடுறேன்."

ஏறினேன். அது சுற்றுலாக்காரர்களைச் சுமக்கிற குதிரை. ஐம்பது அடி ஒழுங்காக நடந்தது. அப்புறம் நின்று, நிதானமாகத் திரும்பி, ஏரி ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. அவர் இழுத்தார், கெஞ்சினார், அடிவயிற்றில் தட்டினார். நான் மேலே உட்கார்ந்து அருள் நிறைந்த மந்திரம் சொன்னேன். குதிரை எங்கள் இரண்டு பேரையுமே மதிக்கவில்லை. "அதுக்கு அந்த ஒரு ரோடுதாங்க தெரியும்" என்றார் அவர். குதித்து இறங்கி, திரும்பவும் ஓடினேன்.

நான் போய்ச் சேரும்போது மணி பத்து ஐம்பது.

சின்ன வீடு. காயாத நீலச் சுண்ணாம்பு. இரண்டு கன்று வாழைகளைக் கட்டியிருந்தார்கள். கதவு விரியத் திறந்திருந்தது, உள்ளே தரை காய்ந்து கிடந்தது. அந்த வீட்டுக்கு எதிரே, ரோட்டோரத்தில், ஒரு தார்ப்பாயைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர்கள் நின்றார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர், அவர் மனைவி, கைக்குழந்தையோடு அவர்கள் மகள். சட்டி பானை, அம்மிக்கல், சுருட்டிய பாய் எல்லாம் காலடியில் நனைந்துகொண்டிருந்தன. மாதா படம் நனையாமல் இருக்க அந்த அம்மா அதைச் சேலைக்குள் அணைத்திருந்தார்.

"உள்ள போய் நிக்கக் கூடாதாங்க, பிள்ளை நனையுதே" என்றேன். மூச்சு வாங்கியது.

"ஃபாதர் வராம எப்பிடிங்க?" என்றார் அந்த மனிதர். "எஸ்டேட்டு லயத்துல இருக்கயில வெடியக்காலம் பெரட்டுக்கு, ஆள் கணக்கு எடுக்க, நின்னு பழகின காலுங்க. பேர் கூப்பிடுற மட்டும் மழையிலதான் நிப்போம். இது ஒரு நிக்கிறதா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. வாயில் இன்னும் ஜாம் ருசி இருந்தது. "மன்னிச்சுக்கங்க. வீடு மாறிப் போயிட்டேன். நேரம் தப்பிப்போச்சு. பத்தரைக்குள்ள..." என்று ஆரம்பித்தேன்.

"இல்லீங்களே ஃபாதர்" என்றார் அவர். "பத்தே கால்தானே ஆவுது."

கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினார். பத்தே கால்தான் காட்டியது. விநாடி முள் அசையவில்லை. பக்கத்தில் இருக்கிற திருகு வெளியே இழுத்து விடப்பட்டிருந்தது. அவர் மனைவி மகளிடம், "கேட்டுக்கிட்டியா, பத்தே கால்" என்றார். மகள் குழந்தையிடம் அதையே சொன்னது. நான் என் கடிகாரத்தை அங்கியின் கைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டேன்.

பாட்டிலில் ஒரு சொட்டுத் தீர்த்தம் இல்லை. தார்ப்பாயிலிருந்து ஒழுகி ஒரு குடம் நிறைந்திருந்தது. அதை மந்திரித்தேன். அவர் முதலில் என்னைப் போகச் சொன்னார். நான் அவரைப் போகச் சொன்னேன். வலது காலை வைத்து உள்ளே போனவர், சுவரைத் தொட்டுக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டார். பரலோக மந்திரத்தை மூன்று பேரும் தகரம் அதிரச் சொன்னார்கள். நான்தான் பாதியில் நின்றுவிட்டேன். எனக்கு அழுகை வந்ததை அவர்கள் பார்த்தார்கள். பார்க்காதது மாதிரி மேலே சொல்லிக்கொண்டே போனார்கள்.

மூன்று கல்லைக் கூட்டி, ஈர விறகை ஊதி ஊதி, பால் பொங்க இன்னும் அரை மணி நேரம் ஆனது. பொங்கி வழிந்து அடுப்பில் சொரிந்தது. முதல் டம்ளரை எனக்குத் தந்தார்கள்.

நான் குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, திருகைப் பிடித்தபடி, "இப்பச் சரியா மணி எத்தனைங்க ஃபாதர்?" என்று கேட்டார். அடுப்படியில் அவர் மனைவியும் மகளும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

நான் அங்கியின் கையை விலக்கி என் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றரைக்குப் பக்கம்.

"பத்து இருபத்தஞ்சு" என்றேன்.

அவர் அதற்கே திருப்பி வைத்து, திருகை அமுக்கி, கையில் கட்டிக்கொண்டார்.